இருபது பேருக்கு ஓர் ஆசிரியர்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகள் திறக்கும்போது, கணினி அறிவியல் படிக்கப் போன பிள்ளைக்கும் உயிரியல் படிக்கப் போன பிள்ளைக்கும் ஒரே பாடம் காத்திருக்கும்: முதலாண்டு எழுத்துப் பாடம். கல்லூரிக்குக் கல்லூரி அதன் பெயர் மாறும். பள்ளியிலேயே அதற்கு ஈடான தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. மற்றவர்கள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது எதற்கு என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன பிள்ளைகள் முணுமுணுத்தபடி உட்காருகிற முதல் வகுப்பில், ஆசிரியர் எட்டுப் பத்துப் பக்கங்களில் ஓர் ஆவணத்தைக் கொடுக்கிறார். அதற்குப் பெயர் சிலபஸ்.

நம் ஊர் சிலபஸில் ஐந்து அலகுகள் இருக்கும், கடைசியில் பார்வை நூல்கள் இருக்கும், அவ்வளவுதான். இவர்களுடையதைப் படித்தால் வாடகை வீட்டு ஒப்பந்தப் பத்திரம் நினைவுக்கு வரும். வாரம் இரண்டு வகுப்பு என்றால், மூன்று வகுப்புவரை காரணம் சொல்லாமல் வராமல் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு வகுப்புக்கும் இறுதி கிரேடு குறையும். கட்டுரை ஒரு நாள் தாமதமானால் இவ்வளவு வெட்டு, இரண்டு நாள் தாமதமானால் இவ்வளவு வெட்டு. முதல் வரைவு கொடுக்காதவரிடம் இறுதி வடிவத்தை வாங்க மாட்டோம். பக்கத்து மாணவரின் வரைவைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. எழுத்து 12 புள்ளி அளவில், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, நான்கு புறமும் ஓர் அங்குல விளிம்பு. மதிப்பெண் பற்றி முறையிட வேண்டுமானால் கட்டுரை கைக்கு வந்து ஒரு நாள் கழித்தே வர வேண்டும் என்று சிலர் எழுதிவைக்கிறார்கள். ஆத்திரம் அடங்கட்டும் என்பதற்காக! இந்த விதியை முதலில் எழுதியவர் ஆசிரியப் பணியில் நெடுங்காலம் அடிபட்டவராகத்தான் இருப்பார்.

நம் பெற்றோர்களுக்கு அதிர்ச்சி தரும் விதி ஒன்றும் உண்டு. 1974இல் வந்த கல்வித் தகவல் தனியுரிமைச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் மதிப்பெண் விவரம் பிள்ளைக்கே உரியது. பையன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும் அப்பாவுக்கு, பிள்ளையின் ஒப்புதல் இல்லாமல் பதில் சொல்ல இயலாது என்று பணிவாக ஒரு வரி வரும். ஃபீஸ் கட்டுவது அவராகவே இருந்தாலும்.

இவ்வளவு விதிகளையும் பார்த்துவிட்டு, ‘அங்கே எல்லாம் கறார், அதனால்தான் பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள்’ என்று சொல்லும் கல்வி ஆலோசகர்கள் இங்கே நிறைய. 2023–24இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் முதுநிலைக்குப் போனவர்கள். இளநிலையில் 36,000 பேர் அளவில் இருந்தார்கள். எனவே இந்த வகுப்பைப் பற்றிய பேச்சு இங்கும் அடிக்கடி எழுகிறது, நம் கல்லூரிகளும் அதே மாதிரி விதிகளை வாங்கிவந்து ஒட்டவைக்கின்றன. அந்த வகுப்பை நடத்திச் செல்கிற விதியோ சிலபஸின் எந்தப் பக்கத்திலும் அச்சாவதில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதே அந்த விதி.

ஹார்வர்டில் தொடங்கியது

இந்தப் பாடத்தின் பிறப்பிடம் ஹார்வர்ட். தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட் 1872இல் ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்பவரை எழுத்துப் பயிற்சிக்காகக் கொண்டுவந்தார். ஹில் செய்தித்தாளில் வேலை பார்த்தவர். 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை கட்டாயமானது. வசதியான குடும்பங்களின், பெயர்பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் எழுதிய தாள்களைப் பார்த்து ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறிப் பிழை, தலையும் வாலும் இல்லாத வாக்கியங்கள். பள்ளிகளைத் திட்டித் தீர்த்தபிறகு, 1885இல் அந்தப் பாடத்தை முதலாண்டிலேயே வைத்தார்கள். 1890களின் முடிவில் ஹார்வர்டில் மற்றப் பாடங்கள் எல்லாம் விருப்பப் பாடங்களாகிவிட்டன; கட்டாயமாக மிஞ்சியது இது ஒன்றுதான்.

அந்த நாள் ஹார்வர்டில் எழுத்துப் பயிற்சியால் பயன்பெற்ற ஒருவரின் கதை எனக்குப் பிடித்தமானது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பின்னாளில் போராடிய டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1888இல் அங்கே வந்து சேர்ந்தார். இனவெறி மீது கொதித்து அவர் எழுதிய முதல் கட்டுரை, தேறவில்லை என்ற குறியோடு திரும்பி வந்தது. படிப்பில் அதுவரை தோல்வியே அறியாதவர். ஆசிரியர்கள் இனக் காழ்ப்பில் போட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவரோ, என் மொழியைப் பற்றிய தீர்ப்பு நேர்மையானதுதான் என்று எடுத்துக்கொண்டு உழைத்தார். பிறகு பாரெட் வெண்டெல் நடத்திய எழுத்து வகுப்பை விரும்பித் தேர்ந்தெடுத்தார். நாள்தோறும் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வது வெண்டெலின் முறை. ஒருநாள் டு பாய்ஸ் எழுதிய பகுதியை அவர் வகுப்பில் உரக்கப் படித்துக்காட்டினார். டு பாய்ஸ் தன் வரலாற்றில் அதை மறக்காமல் குறிப்பிடுகிறார். கட்டுரை திரும்பி வந்தது, யாரோ ஒருவர் அதை உட்கார்ந்து படித்திருந்தார் என்பதுதான் இங்கே நடந்த காரியம்.

நாளுக்கு ஒரு பக்கம் என்றால் எத்தனை பக்கம் திருத்துவது? அந்தச் சுமை சீக்கிரமே ஆசிரியர்களை முறித்தது. 1894இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 1,200 மாணவர்களுக்கு நான்கு ஆசிரியர்களும் இரண்டு உதவியாளர்களும் இருந்தார்கள். 1912 ஜனவரியில் அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் புதிய இதழான ‘இங்கிலீஷ் ஜர்னல்’ வெளிவந்தபோது, முதல் இதழின் முதல் கட்டுரையாக எட்வின் ஹாப்கின்ஸ் என்ற கன்சாஸ் பேராசிரியர் ஒரு கேள்வியைத் தலைப்பாக வைத்தார்: இன்றுள்ள நிலைமையில் எழுத்துப் பயிற்சியை நன்றாகக் கொடுக்க முடியுமா? கட்டுரையின் முதல் சொல்லிலேயே முடியாது என்று பதில் சொல்லிவிட்டு, எத்தனை தாள், எத்தனை மணி நேரம், எத்தனை ஆசிரியர் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். நூறாண்டு கடந்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. முதலாண்டு எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, 15 பேர் என்றால் நல்லது, ஒரு பருவத்தில் ஓர் ஆசிரியருக்கு 60 எழுத்து மாணவர்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க எழுத்துக் கல்வி அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. எல்லாக் கல்லூரிகளும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் கல்லூரி நிர்வாகம் 25 பேரைத் திணித்தால் சண்டை போடுவதற்கு ஓர் எண்ணாவது அவர்கள் கையில் இருக்கிறது.

பிழையைப் படித்த ஆசிரியர்

1969இல் நியூயார்க் சிட்டி காலேஜ் வளாகத்தைக் கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் கைப்பற்றிப் போராடினார்கள். அதையடுத்து 1970இல், நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய எல்லோருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் எழுதிய தாள்களைப் பார்த்த பேராசிரியர்கள் பலர், இவர்களுக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்புத் தமிழையே தப்பில்லாமல் எழுதத் தெரியாதவர்களுக்கு பி.ஏ.வா என்று நம் ஊர் ஆசிரியர் அறைகளில் கேட்கும் அதே குரல்.

மினா ஷாக்னெஸி என்ற ஆசிரியை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 1970 முதல் 1974 வரை மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, பிழைகளைப் படிக்க ஆரம்பித்தார். திருத்துவது வேறு, படிப்பது வேறு. ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒரு தர்க்கம் இருப்பதைக் கண்டார். தாங்களே உருவாக்கிக்கொண்ட ஒரு விதியை மாணவர்கள் ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த பிழைகள்; பேச்சில் சரியாகவும் எழுத்தில் தவறாகவும் ஆகிற வடிவங்கள்; தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் வாக்கியத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டவை. ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்று பொருள்படும் தலைப்பில் 1977இல் அவருடைய நூல் வந்தது. அடுத்த ஆண்டே புற்றுநோயில் இறந்துபோனார். அதே காலத்தில் அந்தக் கல்லூரியில் இம்மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜார்டன் ஆகிய கவிஞர்களும் உண்டு. எழுதத் தெரிந்தவர்களை எழுதச் சொல்லித்தர வைத்தார்கள். நமக்கு ஏன் இது தோன்றவில்லை? நிற்க.

ஷாக்னெஸி சொன்னதன் பயன் நமக்குக் கைமேல் இருக்கிறது. தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரவேண்டிய a, the ஆகிய ஆர்ட்டிக்கிள்களை விட்டுவிடுகிறார் என்றால், அதற்கு அவருடைய தாய்மொழியில் அப்படி ஒன்று இல்லை என்பதே காரணம். அதே மாணவர் தமிழில் எழுதும்போது ஒற்று மிகாமல் விடுவதும், றகர ரகரம் மாற்றிப் போடுவதும் அவருடைய ஊர்ப் பேச்சில் அந்த வேறுபாடு கேட்பதில்லை என்பதால். சிவப்பு மையால் வட்டம் போடுகிறவர் இதில் எதையும் அறிய வேண்டியதில்லை. வட்டம் போட ஒரு நொடி போதும். எழுபது தாள் குவிந்திருக்கும் மேசையில் ஒரு நொடிக்கு மேல் கிடைப்பதுமில்லை.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுதவே வராது’ என்ற புலம்பலுக்கு அமெரிக்காவில் எண்ணிச் சொன்ன பதில் ஒன்று உண்டு. ராபர்ட் கானர்ஸும் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் 1980களில் நாடு முழுவதிலுமிருந்து திரட்டிய மாணவர் கட்டுரைகளில் 3,000 கட்டுரைகளின் பிழைகளை எண்ணினார்கள். நூறு சொல்லுக்கு 2.26 பிழை. 1917இல் நடந்த ஓர் ஆய்வில் அது 2.11, 1930இல் 2.24. லன்ஸ்ஃபோர்ட் 2006இல் திரட்டிய கட்டுரைகளைக் கொண்டு மறுபடி எண்ணியபோது 2.45. ஏறத்தாழ ஒரே அளவுதான். மாறியது கட்டுரையின் நீளம்: 1917இல் சராசரி 162 சொற்கள், 2006இல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தாத்தா ஒரு பக்கம் எழுதினார், பேரன் நான்கு பக்கம் எழுதுகிறான்; பிழை விகிதம் அதேதான்.

வரைவு, மறுவரைவு

அந்த வகுப்பில் மாணவர் என்னதான் செய்கிறார்? ஒரு பருவத்தில் மூன்று அல்லது நான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வரைவுகள். முதல் வரைவுக்கு மதிப்பெண் கிடையாது, கருத்து மட்டும்தான். சில வாரங்களில் வகுப்பையே ரத்துசெய்துவிட்டு, ஒவ்வொருவரையும் பதினைந்து நிமிடம் தனியாக அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். நீ என்ன சொல்ல வருகிறாய்? இந்த மூன்றாம் பத்தி எதற்கு? இவர் இப்படிச் சொல்கிறார் என்றாயே, நீ என்ன சொல்கிறாய்? கடைசிக் கேள்விதான் நம் பிள்ளைகளை மிரட்டுவது. அறிஞர் ஒருவர் சொன்னதற்குமேல் பதினெட்டு வயதில் நான் என்ன சொல்ல?

இந்த மிரட்சி நம் மரபிலிருந்து வந்ததல்ல, தேர்வு முறை கொடுத்தது. நம் உரையாசிரியர்கள் செய்ததே இந்த வேலைதான். முன்னவர் உரையை எடுத்துச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி, தம் உரையை நிறுவுகிறார் பரிமேலழகர். இளம்பூரணரை நச்சினார்க்கினியர் மறுக்காத இடமா? நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று நன்னூல் பட்டியலே போட்டிருக்கிறது. மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகிய குற்றங்களை விட்டால் முதலாண்டுக் கட்டுரையின் விளிம்பில் எழுத வேறு நல்ல குறிப்பு எனக்குத் தெரியவில்லை. இதே நன்னூலைக் கல்லூரியில் பாடமாக வைக்கிறோம். பத்துக் குற்றம் யாவை என்று ஐந்து மதிப்பெண் வினா கேட்கிறோம். மாணவருடைய கட்டுரையில் அந்தக் குற்றம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை. காட்டுவதற்குக் கட்டுரை எங்கே?

கருத்து எழுதுவதும் ஒரு கலை. அமெரிக்க ஆசிரியர்களே அதில் சொதப்பினார்கள். நான்ஸி சோமர்ஸ் 1982இல் ஆசிரியர்கள் விளிம்பில் எழுதும் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ‘இன்னும் தெளிவாக எழுது’, ‘விரிவாக்கு’ மாதிரியான குறிப்புகளை எந்தத் தாளிலிருந்தும் எந்தத் தாளுக்கும் ரப்பர் ஸ்டாம்ப்பாக மாற்றிக் குத்திவிடலாம் என்று கண்டார். பத்தியைத் திருத்தி எழுது என்றும், அதே பத்தியில் காற்புள்ளியைச் சரிசெய் என்றும் ஒரே தாளில் குறிப்பு இருந்தால் மாணவர் எதைச் செய்வார்? காற்புள்ளியைத்தான். நாமும் அதைத்தான் செய்வோம்.

தாமதத்துக்கு வெட்டு, வரைவு கொடுக்காவிட்டால் ஏற்பு இல்லை போன்ற விதிகள் ஏன் இருக்கின்றன என்பது இந்த இடத்தில் புரியும். பிரதிகள் கைமாறும் வகுப்பில் ஒருவர் வரைவு கொண்டுவரவில்லை என்றால், அதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய இரண்டு பேருக்கு அன்றைக்கு வேலை இல்லை. வருகை விதியும் அப்படியே. நம் 75 சதவீத வருகை விதி தேர்வு எழுத அனுமதிப்பதற்கான வேலி. சற்றுக் குறைந்தால் அபராதம் கட்டித் தாண்டலாம். விரிவுரையைக் கேட்க வராதவர் தனக்கு மட்டும் நஷ்டம் செய்துகொள்கிறார். விதி ஒரே மாதிரி இருந்தாலும் அதற்குள் நடக்கும் வேலை வேறு.

இங்கே அமெரிக்காவின் பெரிய அவலத்தையும் சொல்லியாக வேண்டும். வகுப்பை 20 பேரோடு நிறுத்த நிறைய ஆசிரியர்கள் தேவை. அவர்களை மலிவாக வாங்கிக்கொண்டது கல்லூரி. முதலாண்டு எழுத்து வகுப்புகளில் பெரும்பங்கை நடத்துவது ஆய்வு மாணவர்களும், பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பகுதிநேர ஆசிரியர்களும். காலையில் ஒரு கல்லூரி, மதியம் நாற்பது மைல் தள்ளி இன்னொரு கல்லூரி என்று காரிலேயே காலம் கழிக்கும் அவர்களுக்கு ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்று கேலிப்பெயரும் உண்டு. 1986இல் வயோமிங்கில் கூடிய எழுத்து ஆசிரியர்கள் இந்தக் கொடுமையைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். தொழில் அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. நிலைமை பெரிதாக மாறவில்லை. தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து அரசுக் கல்லூரிகளை ஓட்டும் நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல்

யாருடைய ஆங்கிலத்தை அந்த வகுப்பு சரி என்று சொல்கிறது என்ற கேள்வியும் அங்கே பழையது. மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிநடையில் உரிமை உண்டு என்று எழுத்து ஆசிரியர்களின் மாநாட்டு அமைப்பு 1974இல் தீர்மானமே இயற்றியது. அது வகுப்புக்குள் முழுதாக வந்து சேரவில்லை. அந்தக் கேள்வியைப் பின்னர் விரித்து எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, 1990களின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, இப்போது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில் எழுதத் தாளே கிடைக்காத யாழ்ப்பாணத்திலிருந்து மேலை ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பியவர் அவர். இரட்டை இடைவெளி விடு, பல படிகள் அனுப்பு என்ற விதிகள் வெறும் வடிவ விதிகள்தாமா, அல்லது தாள் இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்தும் கதவா என்று அவர் எழுதினார். விளிம்பு ஓர் அங்குலம் என்ற விதியை அதற்குப் பிறகு என்னால் அப்பாவித்தனமாகப் படிக்க முடியவில்லை. இலங்கைத் தமிழ் மாணவர்கள் ஆங்கிலத்தைத் தங்களுக்கேற்ப வளைத்துக்கொள்வதைப் பற்றிய அவருடைய 1999 நூலுக்குக் கிடைத்த விருதின் பெயர் மினா ஷாக்னெஸி விருது.

இதில் ஒரு தயக்கம் எனக்கு உண்டு. எந்த மொழிநடையும் சரிதான் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வேலைக்கு எடுப்பவர் வேறு நடையைத்தான் கேட்பார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை ஏமாந்துபோவான். கனகராஜா அப்படிச் சொல்பவர் இல்லை. பொது நடையையும் கற்று, அதற்குள் தன் நடையை எங்கே, எவ்வளவு கலப்பது என்று தெரிந்தே கலக்க வேண்டும் என்பதே அவர் பக்கம். அதை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கவும் 20 பேர் வகுப்புதான் வேண்டும்.

சதவீதத்தின் ஆட்சி

சிலபஸில் மிக நீளமான பகுதி, எழுத்துத் திருட்டைப் பற்றியது. பிறர் சொன்னதைச் சொல்லலாம், எங்கிருந்து எடுத்தாய் என்று காட்டு என்பது சாரம். முன்னோர் சொல்லை அப்படியே போற்றி எடுத்தாள இடம் கொடுத்த மரபில் வந்தவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடாது; பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் வகுப்பு கொடுக்க வேண்டும். மாறாக, எழுத்துத் திருட்டைத் தேடும் மென்பொருள் வந்தது. 1998இல் தொடங்கிய டர்னிட்டின் நிறுவனம் 2019இல் சுமார் 175 கோடி டாலருக்குக் கைமாறியது என்றால், ஆசிரியர் படிக்க வேண்டியதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எவ்வளவு விலைபோனது என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகள் இந்த மென்பொருள் மனப்பான்மையின் இந்தியப் பதிப்பு. ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை ஒரு நிலை, அதற்குமேல் பதிவே ரத்து. ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கான தண்டனைகள் இவை. விளைவு என்ன? சொல்லை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைத்துத் தரும் வேலை ஒரு தொழிலானது. 22 வயதில், ஆய்வேட்டின் முகப்பில், முதன்முறையாக ஒரு மாணவர் மேற்கோள் காட்டுவதைப் பற்றிக் கேள்விப்படுகிறார், அதுவும் தண்டனைப் பட்டியலாக. முதலாண்டில் சொல்லித்தந்திருக்க வேண்டியதை முனைவர் பட்டத்தின்போது அபராதமாக வசூலிக்கிறோம்.

2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தபிறகு சிலபஸில் புதிய பத்தி ஒன்று சேர்ந்தது. சிலர் முற்றாகத் தடை, சிலர் சொல்லிவிட்டுப் பயன்படுத்து, சிலர் இந்தக் கட்டுரைக்கு மட்டும் சரி. பிடித்துக்கொடுக்கும் கருவிகளும் வந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் அப்படிப்பட்ட ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு அநேகமாக நேரவில்லை. எளிய சொற்களில், பிழைக்குப் பயந்து, கவனமாக எழுதியதுதான் டோஃபெல் மாணவர்கள் செய்த குற்றம்! சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று, அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஆகஸ்டில் டர்னிட்டினின் கருவியை நிறுத்திவைத்தது.

பயந்துபோன சில அமெரிக்க ஆசிரியர்கள் வகுப்பிலேயே கையால் எழுதும் தேர்வுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் நூற்றைம்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறோம். மூன்று மணி நேரம், கையால், மேற்பார்வையாளர் முன்னிலையில். அதனால் எழுதத் தெரிந்த தலைமுறை உருவாகிவிட்டதா? மனப்பாடம் செய்து எழுதத் தெரிந்த தலைமுறை உருவானது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாணவியின் வரைவைப் படித்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிய ஆசிரியருக்கு, இறுதி வடிவம் அவள் எழுதியதா என்று சொல்ல இயந்திரம் வேண்டியதில்லை. அவளுடைய வாக்கியம் எப்படி முறியும் என்று அவருக்குத் தெரியும்.

நம் வகுப்பறைக்கு வருவோம்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். எந்தத் துறை மாணவருக்கும் பொது. அமெரிக்கர்கள் முதலாண்டு எழுத்துக்கு ஒதுக்கும் நேரத்தைவிட அதிகமே. அந்த நேரத்தில் செய்யுள், உரைநடை, சிறுகதை, இலக்கிய வரலாறு நடத்துகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டம் முடிக்கும் மாணவர், தான் எழுதிய ஒரு பக்கத்தைத் திருத்தக் குறிப்போடு திரும்பப் பெற்று, மறுபடி எழுதிய அனுபவம் ஒன்றுகூட இல்லாமல் வெளியேற முடிகிறது. அசைன்மென்ட் என்று ஒன்று உண்டு, இன்டர்னல் மார்க்குக்காக. நோட்ஸைப் பார்த்து எழுதி, அட்டை போட்டு, முகப்பில் பூ வரைந்து கொடுப்பது. எத்தனை அசைன்மென்ட் படிக்கப்படுகிறது என்பது மாணவர்களுக்கே நன்றாகத் தெரியும். நடுப்பக்கத்தில் சினிமாக் கதை எழுதிச் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு.

ஆசிரியரைக் குறை சொல்லி என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுபது பேர் கொண்ட நான்கு வகுப்புகள், 280 மாணவர்கள். ஆளுக்கு நான்கு கட்டுரை, இரண்டு வரைவு என்றால் 2,240 தாள்கள். தாளுக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் ஏறத்தாழ 747 மணி நேரம். பருவத்தின் 90 வேலை நாட்களில் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் திருத்தம் மட்டும். வகுப்பு எடுப்பதெல்லாம் தனி. ஹாப்கின்ஸ் 1912இல் சொன்ன முடியாது என்ற பதில் இதற்குத்தான்.

தேசிய அளவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருந்த 2021–22இல் தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். நியூயார்க் 1970இல் திறந்த கதவை நாம் அதைவிட அகலமாகவே திறந்திருக்கிறோம். வந்தவர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். உள்ளே வந்தபிறகு அவர்கள் எழுதுவதைப் படிக்க ஆள் போட்டிருக்கிறோமா என்பதுதான் அடுத்த கேள்வி. நியூயார்க் அந்த இடத்தில் சறுக்கியது. 1976இல் நகரம் பணமுடையில் சிக்கியபோது இலவசக் கல்வியை நிறுத்தியதோடு, இந்த மாணவர்களுக்கு எழுதக் கற்பித்த ஆசிரியர்களையும் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

ஒரு வழி நம் கல்லூரிகளிலேயே இருக்கிறது. வேதியியல் செய்முறைக்கு அறுபது பேரை ஒரே நேரத்தில் ஆய்வகத்துக்குள் விடுவதில்லை, பேட்ச் பிரிக்கிறோம். பிப்பெட்டைப் பிடிக்கும் கையை யாராவது பார்க்க வேண்டும் என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மொழிப் பாடத்திலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைச் செய்முறை என்று அறிவித்து, அறுபது பேரை இருபது பேராக மூன்று பேட்ச் பிரிக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் விரிவுரை கூடாது. எழுதுவது, படிப்பது, பேசுவது மட்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே இதை முடிவு செய்துகொள்ளலாம்.

செலவு? ஒரு பிரிவுக்கு இரண்டு மணி நேரம் ஆறாகிறது; கூடுதல் நான்கு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமாக எட்டு. முதலாண்டில் பத்துப் பிரிவுகள் உள்ள கல்லூரிக்கு வாரம் 80 மணி நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது மானியக் குழுவின் கணக்கு. ஆக ஐந்து பணியிடங்கள். தீர்மானம் நிறைவேற்றும்போதே இவை நிரந்தரப் பணியிடங்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து கௌரவ விரிவுரையாளர்களை அனுப்பிவைத்து, வயோமிங்கில் போட்ட தீர்மானத்தை நம்மையும் போடவைத்துவிடுவார்கள்.